மைக்கில் கூப்பிட்ட பேர்

எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் ஒரு வழக்கம் உண்டு. ஆசிரியர் கூட்டத்துக்கு யார் வரவில்லையோ அவர் தலையில் பொறுப்பைக் கட்டிவிடுவார்கள். மரம் நடுவது, கழிவறையைக் கண்காணிப்பது, ஆண்டுவிழாவுக்குப் பந்தல்காரரைப் பிடிப்பது எல்லாவற்றுக்கும் இப்படித்தான் ஆள் அமைவார்கள். வந்து உட்கார்ந்திருப்பவர் முடியாது என்று சொல்லிவிடலாம், வராதவருக்கு அந்த வசதி கிடையாது.

அந்த மார்கழியில் கூட்டம் நடந்த அன்றைக்குக் கணக்கு டீச்சர் வெற்றிச்செல்வி கல்லங்குறிச்சியில் இருந்தார். தம்பி மகனுக்குப் பெருமாள் கோயிலில் முடியிறக்கிக் காது குத்தினார்கள். மறுநாள் அரியலூரிலிருந்து பஸ் ஏறி, பெரம்பலூர்ப் பக்கம் இருக்கும் தன் பள்ளிக்கு வந்து சேர்ந்தார். தலைமையாசிரியர் இராமலிங்கம் துளசிப் பிரசாதத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு விஷயத்தைச் சொன்னார்.

“டீச்சர், இனிமே புள்ளைங்க மனநலப் பொறுப்பு உங்களுக்குத்தான். அடுத்த வாரம் டவுன்ல பயிற்சி.”

“எனக்கா சார்?”

ஆசிரியர் அறையில் சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அந்தப் பள்ளிப் பிள்ளைகளின் மனநலத்துக்கு ஒரு கேடு உண்டென்றால் அது வெற்றிச்செல்வி டீச்சர்தான் என்பது அங்கே பொதுவான அபிப்பிராயம். அவர் வராந்தா முனையில் திரும்பினாலே பத்தாம் வகுப்பு மூச்சை அடக்கிக்கொள்ளும். மார்கழி பிறந்துவிட்டால் விளையாட்டுப் பீரியடும் அவருடையதே. விளையாட்டு ஆசிரியர் அண்ணாதுரை பந்தை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டுப் பேப்பர் படிக்கப் போய்விடுவார். “கணக்குல தேறிட்டா மனசு தானா தேறிடும்” என்பது டீச்சரின் கொள்கை. தன் ஒரே மகளையும் அப்படித்தான் தேற்றினார். அவள் இப்போது சென்னையில் நல்ல வேலையில் இருக்கிறாள்.

பயிற்சியில் மனநல நிபுணரான ஒரு அம்மா ஒரு சின்ன வேலை கொடுத்தார். பக்கத்தில் இருப்பவர் இரண்டு நிமிடம் தன் மனக்கவலையைச் சொல்ல வேண்டும். கேட்பவர் அறிவுரை சொல்லக் கூடாது, ஆறுதலும் சொல்லக் கூடாது, சும்மா கேட்க வேண்டும். பக்கத்தில் இருந்த தமிழாசிரியை தன் மாமியார் படுத்த படுக்கையாகக் கிடப்பதைச் சொல்லத் தொடங்கினார். அவர் மாமியாரின் வயதைச் சொல்லி முடிப்பதற்குள் வெற்றிச்செல்வி திருச்சியில் ஒரு நல்ல டாக்டரின் பெயரைச் சொல்லிவிட்டார். எல்லோரும் சிரித்தார்கள். உபகாரம் செய்ததற்கு ஏன் சிரிக்கிறார்கள் என்று டீச்சருக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

ஆனாலும் கொடுத்த வேலையைக் குறை வைக்கிற ஆள் இல்லை அவர். அறிவியல் கூடத்தின் பின்னால் உடைந்த பெஞ்சுகள் போட்டுவைத்திருந்த அறையை ஒழித்துச் சுத்தம் செய்தார். இரண்டு நாற்காலிகள், ஒரு பானைத் தண்ணீர், வாசலில் ‘ஆலோசனை அறை’ என்று ஒரு பலகை. மதியம் தோறும் போய் உட்கார்ந்தார். யாரும் வரவில்லை.

பிள்ளைகள் வரவில்லையென்றால் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதுதான் அவருக்குத் தெரிந்த வழி. பொங்கல் விடுமுறை முடிந்த வாரம், காலை வழிபாட்டில் திருக்குறளும் செய்தியும் வாசித்து முடிந்ததும் மைக்கை வாங்கினார்.

“பத்தாம் வகுப்பு பி பிரிவு, அனிதா. மதியம் ஆலோசனை அறைக்கு வரவும்.”

நல்லதுக்குத்தான் கூப்பிட்டார். அனிதா நன்றாகக் கணக்குப் போடுகிற பெண். அரையாண்டுத் தேர்வில் அடியோடு சரிந்திருந்தாள். வகுப்பில் எந்நேரமும் பெஞ்சில் தலை சாய்த்தே கிடந்தாள். அதையெல்லாம் கவனித்தவர் டீச்சர் ஒருவர்தான், அந்தப் பெருமையை அவருக்குக் கொடுக்க வேண்டும். ஆனால் அந்த ஒலிபெருக்கி பஸ் நிறுத்தம் தாண்டி டீக்கடை வரைக்கும் கேட்கும்.

மதியம் அனிதா வந்து நின்றாள். என்ன கேட்டாலும் “ஒண்ணுமில்ல டீச்சர்” என்றாள். அவள் ஒன்றுமில்லை என்றதால், மீதி நேரம் முழுவதும் டீச்சரே பேசினார். மறுநாள் அனிதா பள்ளிக்கு வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. வருகை எடுக்கும்போது அவள் பெயர் வந்ததும் பின் பெஞ்சில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவள் தோழி பிரவீணா எழுந்து நின்றாள். பயந்துகொண்டேயானாலும் சொல்லி முடித்தாள்.

“நீங்க மைக்குல கூப்புட்டீங்கல்ல டீச்சர், அதுலேருந்து எல்லாரும் அவள மெண்டல்னுதான் கூப்புடுறாங்க. அந்த ரூமுக்கே மெண்டல் ரூமுன்னு பேரு வச்சிட்டாங்க. இனிமே ஸ்கூலுக்கே வரமாட்டேன்னுட்டா.”

பொதுத்தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. டீச்சருக்கு அவமானமாக இருந்தது, அதைவிடப் பயமாக இருந்தது. பத்தாம் வகுப்பில் நின்றுபோன பெண்கள் திரும்பி வந்ததை அவர் அதிகம் பார்த்ததில்லை.

சனிக்கிழமை அனிதாவின் வீட்டுக்குப் போனார். ரஞ்சன்குடிக் கோட்டை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் வீடு. பஸ்ஸில் வரும்போதே என்ன பேச வேண்டும் என்று வரிசையாக யோசித்து வைத்திருந்தார். வாசலெல்லாம் சின்ன வெங்காயம். அனிதாவும் அவள் அப்பா கருப்பண்ணனும் உட்கார்ந்து, வயலிலிருந்து வந்த வெங்காயத்தின் காய்ந்த தாளை அறுத்துக்கொண்டிருந்தார்கள்.

“வாங்க டீச்சர், உக்காருங்க. வூடெல்லாம் வெங்காயமாக் கெடக்கு” என்று கருப்பண்ணன் ஒரு சாக்கை உதறிப் போட்டார். அனிதா தலையை நிமிர்த்தவில்லை.

சும்மா உட்காரக் கூச்சப்பட்டு டீச்சரும் ஒரு அரிவாளை எடுத்துக்கொண்டார். அறுக்கத் தொடங்கியதுமே கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிற்று. அப்படிக் கொட்டும்போது ஒருவருக்கு என்ன அறிவுரை சொல்ல முடியும்? யோசித்து வைத்ததெல்லாம் நின்றுபோயிற்று. கருப்பண்ணன்தான் பேசினார்.

“நெஞ்ச அடைக்குதுங்கறா டீச்சர். ராத்திரில தூக்கமில்ல. ஆஸ்பத்திரில காட்டினேன், ஒண்ணுமில்லன்னு அனுப்பிட்டாங்க. ஸ்கூலு பேச்ச எடுத்தாலே எந்திரிச்சுப் போயிடுறா.”

அப்போது போன் அடித்தது. குவைத்தில் வீட்டுவேலைக்குப் போயிருக்கும் அனிதாவின் அம்மா கொளஞ்சியம்மாள். கை அழுக்காக இருந்ததால் கருப்பண்ணன் போனைத் தரையில் வைத்து ஸ்பீக்கரில் போட்டார்.

“அனிதா, படிக்கிறியா தாயி? நல்லாப் படி. ஒனக்காகத்தான் நான் இங்க கெடக்கேன். ஒன்ன நம்பித்தான் எல்லாம். மறந்துடாத.”

“ம்” என்றாள் அனிதா. அந்தப் பக்கம் யாரோ கூப்பிட, போன் நின்றது.

அனிதாவின் கன்னத்தில் தண்ணீர் வழிந்து வெங்காயத்தின் மேல் சொட்டியது. டீச்சர் தன் கண்ணை முந்தானையில் துடைத்துக்கொண்டு, “கண்ணு எரியுதா? போயி மூஞ்சியக் கழுவிட்டு வா” என்றார்.

“வெங்காயத்துக்கெல்லாம் அவளுக்குக் கண்ணு எரியாதுங்க டீச்சர்” என்றார் கருப்பண்ணன், வேலையைப் பார்த்தபடியே. “நடக்க ஆரம்பிச்சதுலேருந்து இதுக்குள்ளதான் கெடக்கா. எங்க யாருக்குமே…”

அறுத்துக்கொண்டிருந்த கை நின்றது. மகளைத் திரும்பிப் பார்த்தார்.

டீச்சருக்கு அந்த இடத்தில் சொல்வதற்குப் பத்து விஷயம் இருந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“என்னா தாயி?” என்று கேட்டார் கருப்பண்ணன்.

அனிதா அரிவாளைக் கீழே வைத்தாள். “அம்மா எப்பப் பேசுனாலும் அதையேதான் சொல்லுது. நான் ஃபெயிலாயிட்டா அம்மா அங்க போயிக் கெடந்ததெல்லாம் வீணாப் போயிடும்லப்பா? புத்தகத்த எடுத்தாலே அம்மா மூஞ்சிதான் தெரியுது. மூச்சு விட முடியல. இப்ப ஊரே மெண்டலுங்குது.”

கருப்பண்ணன் பெரிதாக ஒன்றும் சொல்லிவிடவில்லை. “நாளைக்குப் போன் வந்தா நான் மொதல்ல பேசுறேன். சாப்டியான்னு மட்டும் கேளுன்னு சொல்றேன்” என்றார். பிறகு மகள் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்துகொண்டார்.

“மைக்குல கூப்புட்டது என் தப்பு அனிதா” என்றார் டீச்சர். பயிற்சி கொடுத்த மனநல நிபுணரைப் பார்க்கத் தானே கூட்டிப்போவதாகவும் சொன்னார். அனிதா தலையாட்டினாள். பள்ளிக்கு வருவாயா என்று கேட்டதற்கு மட்டும் தலையை ஆட்டவில்லை.

“அம்புட்டுப் பேருக்கும் கேட்டுருச்சே டீச்சர். எப்புடி வர்றது?”

திரும்பும் வழியில் பஸ்ஸிலிருந்து டீச்சர் சென்னைக்கு மகளைப் போனில் கூப்பிட்டார். மணி அடித்து ஓய்ந்தது. சற்றுக் கழித்து ‘பிஸிம்மா’ என்று ஒரு வரி வந்தது. கொஞ்ச நாளாகவே அந்த ஒரு வரிதான் வருகிறது.

திங்கட்கிழமை வழிபாடு முடியும் நேரம் டீச்சர் மைக்கை வாங்கினார். பிள்ளைகள் ஒட்டுமொத்தமாகத் தலையைக் குனிந்துகொண்டார்கள். இன்றைக்கு யார் தலை உருளப் போகிறதோ!

“இன்று மதியம் ஆலோசனை அறைக்கு வர வேண்டியவர், வெற்றிச்செல்வி, கணக்கு ஆசிரியை.”

முதலில் யாருக்கும் புரியவில்லை. பிறகு ஒரு மூலையில் சிரிப்பு கிளம்பியது. இராமலிங்கம் சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

“சிரிங்க, பரவாயில்ல” என்றார் டீச்சர். “எனக்கும் மனசுல ஒண்ணு கெடக்கு. அதச் சொல்லத்தான் அந்த ரூமு. கேக்க யாராச்சும் வந்தா சந்தோஷம். வராட்டியும் நான் அங்கதான் இருப்பேன்.”

மதியம் போய் உட்கார்ந்தார். வெளியே சத்துணவுத் தட்டுகளின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. வாசல் பக்கம் ஒரு தலையும் தெரியவில்லை. சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, சாப்பிடத் தோன்றாமல் மூடினார். தான் செய்தது சுத்தப் பைத்தியக்காரத்தனம் என்று அவருக்கே தோன்றத் தொடங்கியபோது, கதவருகே அனிதா நின்றாள். தோளில் பை இருந்தது.

“காலையிலயே வந்துட்டேன் டீச்சர். உள்ள வரப் பயந்துகிட்டு டீக்கடைக்குப் பின்னால நின்னேன். திரும்பி வூட்டுக்கே போயிடலாம்னு பஸ்ஸுக்குப் பார்த்துக்கிட்டு இருந்தேன். அப்பதான் மைக்குல உங்க பேரு கேட்டுச்சு. மதியம் ஆகட்டும்னு அங்கயே நின்னேன்.”

உள்ளே வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

“சொல்லுங்க டீச்சர்.”

வெற்றிச்செல்விக்கு எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. ஆயிரம் பிள்ளைகளுக்கு முன்னால் தடுமாறாத நாக்கு அந்த ஒரு பெண்ணுக்கு முன்னால் தடுமாறியது.

“எம்பொண்ணு எங்கிட்டப் பேசமாட்டேங்குறா அனிதா. அவ படிக்கறப்பல்லாம் போன எடுத்ததும் மார்க்கு எவ்வளவுன்னுதான் கேப்பேன். வேலைக்குப் போனப்புறம் சம்பளம் ஏறுச்சான்னு கேட்டேன். வேற என்ன கேக்கறதுன்னு எனக்குத் தெரியல…” கண்ணில் தண்ணீர் வழிந்தது. இங்கே வெங்காயத்தின் மேல் பழி போடவும் வழியில்லை.

அனிதா அறிவுரை சொல்லவில்லை, அழாதீங்க என்றும் சொல்லவில்லை. கேட்டுக்கொண்டிருந்தாள்.

மணி அடித்தது. அடுத்தது பத்தாம் வகுப்பு பி பிரிவுக்குக் கணக்கு. டீச்சர் வராததைப் பார்த்து அண்ணாதுரை சார் அலமாரியைத் திறந்து பந்தை எடுத்துவிட்டார் போலிருக்கிறது. மைதானத்தில் கூச்சல் கிளம்பியது. டீச்சர் பாதிப் பேச்சில் நிறுத்தி ஜன்னல் பக்கம் திரும்பினார்.

“அது கெடக்கட்டும் டீச்சர்” என்றாள் அனிதா. “நீங்க சொல்லுங்க.”