உத்தரத்தில் தொங்கிய சைக்கிள்

தாலுகா கச்சேரியில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். நேரில் பார்க்காமல் எழுதிய எந்த அறிக்கையையும் மேலே அனுப்பியதில்லை. அப்பேர்ப்பட்ட என்னையே ஒரு சைக்கிள் வியாபாரி ஏய்த்துவிட்டார்.

பென்ஷனுக்குப் பிறகு ஒரு பண்ணையில் கணக்கு வேலை கிடைத்தது. பாளையங்கோட்டையிலிருந்து செய்துங்கநல்லூருக்குத் தினமும் போய்வர ஒரு சைக்கிள் வேண்டியிருந்தது. கடையில் வண்டி உத்தரத்தில் தொங்கியது. வியாபாரி சக்கரத்தைக் கையால் சுழற்றிவிட்டு பிரேக்கை அழுத்தினார். உடனே நின்றது.

"பாத்தீகளா அண்ணாச்சி? சொன்ன இடத்துல நிக்கும்" என்றார். நம்பி வாங்கினேன்.

முதல் நாளே, வாய்க்கால் பாலத்துச் சரிவில் இறங்கும்போது எதிரே வாழைத்தார் ஏற்றிய மாட்டுவண்டி வந்தது. பிரேக்கை இறுக்கி அழுத்தியும் சைக்கிள் நிற்கவேயில்லை. "ஒதுங்கும்வே!" என்று வண்டிக்காரர் அலறினார். மாட்டுக் கொம்பில் மோதாமல் வயலுக்குள் திருப்பினேன். சேறு இருந்ததால் உயிர் பிழைத்தேன்.

சேற்று வேட்டியோடு கடைக்குப் போய்க் கேட்டால், அந்த மனிதர் சிரிக்கிறார்!

"தொங்கும்போது நின்னுச்சுல்லா? நீங்க ஏறுன பொறவு நிக்கலன்னா அது உங்க கனம் அண்ணாச்சி."

"நீரு ஒல்லிதான வே. அந்தச் சரிவுல நீரே ஓட்டிக் காட்டும்."

அவர் தலையைச் சொறிந்தார். "எனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாதுல்லா."

வண்டியை அவர் தலையிலேயே கட்டிவிட்டு வந்தேன். இப்போதெல்லாம் வேறு கடைகளில் சைக்கிள் விலை பேசுமுன் கடைக்காரரை அந்தச் சரிவுக்கு அழைத்து, முதலில் அவரையே ஓட்டி இறங்கச் சொல்கிறேன். இதுவரை ஒருவரும் ஏறவில்லை. நானும் பண்ணைக்கு மாட்டுவண்டியில்தான் போய்வருகிறேன்.