சோற்றுக் கை

கண்டியில் ஜப்பான் கார்ட்டூன் பைத்தியங்களுக்கென்று ஓர் இங்கிலீஷ் சஞ்சிகை வருகிறது. நடத்துகிறவர்கள் பேராதனைக் கம்பஸில் படிக்கும் பிள்ளைகள் சிலர். தும்மினாலும் இங்கிலீஷில் தும்முகிறவர்கள். அதில் எப்படி என் அப்பா வந்து மாட்டினார் என்பதைச் சொல்கிறேன்.

நான் அந்த இனம் இல்லை. சாதாரண தரப் பரீட்சையில் கணக்கும் இங்கிலீஷும் என்னைக் கைவிட்டன, நான் பள்ளிக்கூடத்தைக் கைவிட்டேன். டவுனில் அக்குறணை முஸ்லிம் நானா ஒருவருடைய ஸ்டிக்கர் கடையில் வேலை. முள்முள்ளாக முடி நிற்கும், முகத்தில் பாதி கண்ணாகவே இருக்கும் ஜப்பான் வீரர்களை வரைந்து, வெட்டி, த்ரீவீலர்களில் ஒட்டுவேன். அப்படி ஒரு த்ரீவீலரில் ஏறித்தான் சஞ்சிகையின் எடிட்டர் என்னைத் தேடி வந்தான். யாழ்ப்பாணத்து வேர், கண்டி வளர்ப்பு, என் வயதுதான். என்னைப் பார்த்ததும் "நீர்" போட ஆரம்பித்தான்.

"உமக்குக் கை நல்லா ஓடுது ஐசே. எங்களுக்கு எட்டுப் பக்கத்தில ஒரு கதை கீறித் தாரும். ஆனா அசல் ஜப்பான் முறை. வலப்பக்கத்தில இருந்து இடப்பக்கமா வாசிக்கோணும். அதில நாங்கள் வலு கண்டிப்பு."

"ஆகட்டுங்க தொரை."

எங்கள் தோட்டத்து ஆட்கள் யாரை, என்ன முகத்தோடு தொரை என்பார்கள் என்று அவனுக்குத் தெரியாது. சந்தோஷப்பட்டான்.

எனக்குத் தெரிந்த ஒரே வீரர் அப்பாதான். தேயிலை ஃபெக்டரியில் கொழுந்து அரைக்கும் ரோலர் அவருடைய இடக்கையை மணிக்கட்டோடு எடுத்துக்கொண்டது. இப்போது அம்பிட்டியவில் ஒரு பங்களாவுக்கு வாச்சர். யார் படம் எடுத்தாலும் இடது பக்கத்தை மறைத்துத் திரும்பி நிற்பார். அவரை வரையப்போகிறேன் என்று சொன்னதும் திட்டு விழும் என்றுதான் நினைத்தேன். பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து எங்களுக்குள் அதுதான் பேச்சுவார்த்தை.

பங்களா கேட்டின் கொண்டியைப் போட்டுவிட்டு வந்து, "கைய எப்பிடி வரைவ?" என்றார்.

"உள்ளபடிதாங்கப்பா."

"போனது போனபடியே இருக்கட்டும். சோத்துக்கைய மட்டும் ஒழுங்கா வரை. அந்தக் கையாலதான் ஒன்னய வளத்தேன். வளந்த லட்சணத்த வேற எவன்கிட்டயும் சொல்லிராத."

எங்கள் வீட்டில் இதற்குப் பெயர் ஆசீர்வாதம்.

வரைந்தேன். விபத்து, ஆஸ்பத்திரி, ஒற்றைக் கையால் சட்டைப் பித்தான் பூட்டுவது. ஏழாம் பக்கம் முழுக்க அப்பா சோறு தின்பது. தட்டை இடது முழங்கையால் அணைத்துக்கொண்டு, வலக்கையால் பிசைந்து, உருட்டி, வாய்க்குப் போகும் வரை. பேச்சுக் குமிழிகளைக் காலியாக விட்டேன். இங்கிலீஷை எடிட்டர் போட்டுக்கொள்வதாக ஏற்பாடு.

சஞ்சிகை வெளிவந்த சனிக்கிழமை காலை, வாவிக்கரைப் பக்கம் ஒரு மண்டபத்தில் அவர்களுக்கு இரண்டு நாள் விழா. சஞ்சிகையின் பெயரை வெட்டி, வாசல் கண்ணாடியில் ஒட்டியும் தர என்னிடம் சொல்லியிருந்தார்கள். அதை எடுக்க வந்தவன் ஒரு பிரதியைக் கடையில் வைத்துவிட்டுப் போனான். நானாதான் முதலில் எடுத்துப் புரட்டினார். புரட்டியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பவும் பார்த்தார்.

"டேய், ஒங்க வாப்பா எடக்கையாலயா தின்ற?"

"வெளையாடாதீங்க நானா."

"நான் எங்கடா வெளையாடுற? நீதான் அந்த மனிசனோட வெளையாடி வெச்சீக்கிற. வலக்கையயும் வெட்டிப்போட்டு."

பிடுங்கிப் பார்த்தேன். எட்டுப் பக்கத்தையும் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பி அடித்திருந்தார்கள். அப்பாவுக்கு வலக்கை போயிருந்தது. மிச்சமிருந்த இடக்கையால், ஒரு வெட்கமும் இல்லாமல், சோறு பிசைந்துகொண்டிருந்தார். போதாததற்குச் சாப்பிடும்போது வாயே திறக்காத மனிதரின் தலைக்கு மேல் நான்கு குமிழி நிறைய இங்கிலீஷ்.

மண்டபத்துக்கு ஓடினேன். பச்சை முடி, அட்டை வாள், பூனைக்காது என்று கார்ட்டூன் வேஷத்தில் பிள்ளைகள் திரிந்தார்கள். எடிட்டர் வாசலில் நின்றான்.

"என்னாங்க தொரை இது?"

"ஓ, அதுவோ? கடைசி நேரத்தில முடிவை மாத்தினனாங்கள். இங்கிலீஷ் வாசிக்கிற ஆக்கள் இடப்பக்கத்தில இருந்துதானே வாசிப்பினம். கொம்ப்யூட்டரில ஒரு பட்டனை அமத்தினா எல்லாம் திரும்பும்."

"வலு கண்டிப்புன்னீங்க?"

"வாசகரையும் பாக்கோணும் ஐசே."

"எங்கப்பா பீச்சக்கையால சோறு திங்கிறாருங்க."

"கார்ட்டூன்தானே? ஆர் கையைப் பாக்கினம்? கதைதான் முக்கியம்."

"அப்ப ஒங்க மூஞ்சிய மாத்தி முதுகுப் பக்கமா ஒட்டுறேன். கதைதான முக்கியம்?"

அவனுக்குக் காது சிவந்தது. "நீர் முதல்ல மரியாதையாக் கதையும். உமக்கு ஒரு சான்ஸ் தந்ததே பெரிசு" என்றான். சுற்றி நின்ற பூனைக்காதுகள் சிரித்தன. ஒருத்தி ஃபோனைத் தூக்கிப் படம்கூடப் பிடித்தாள்.

நான் என் வேலையைச் செய்தேன். சஞ்சிகையின் பெயரைக் கண்ணாடிக் கதவில், வெளியே நிற்பவனுக்குத் திரும்பித் தெரியும்படி உள்பக்கமாக ஒட்டிவிட்டு இறங்கி வந்தேன். ரோட்டில் போனவர்கள் தலையைச் சாய்த்து வாசிக்கப் பார்த்தார்கள். மனசு ஆறவில்லை. அப்பா காத்துக்கொண்டிருப்பார்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது, ஞாயிறு சர்ச் பூசைக்காக ஜன்னலில் கண்ணாடியை மாட்டிச் சவரம் செய்துகொண்டிருந்தார். சஞ்சிகையைச் சட்டைக்குள் செருகியிருந்தேன்.

"எங்க?"

"இன்னும் வரலங்கப்பா."

"வயித்துல என்னா, பலகையா? எடு."

எடுத்தேன். நான் புரட்டப் புரட்ட, நுரை முகத்தோடு ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். படத்தில் கையில்லாத பக்கத்தைப் பார்த்தார், ஜன்னல் கண்ணாடியைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார்.

"நான் இல்லங்கப்பா, அந்தக் கம்பஸ் நாயிதான் திருப்பி…"

"கத்தாத. இந்த ஆள எனக்குத் தெரியும்." சவரக் கத்தியால் கண்ணாடியைக் காட்டினார். "தெனம் இதுக்குள்ள நின்னு என்னய முறைக்கிறவன் இவன்தான். இவனுக்கும் அந்தப் பக்கந்தான் கை இல்ல."

எனக்கு மூச்சு வந்தது. அது ஏழாம் பக்கம் வரைக்கும்தான்.

அதைப் பார்த்ததும் அவருடைய தாடை இறுகி, நுரையில் கோடு விழுந்தது.

"நான் கண்ணாடி முன்னால ஒக்காந்து சோறு தின்னதில்ல" என்றார். கத்தியை வைத்துவிட்டு, சஞ்சிகையை வாங்கி இடது மொட்டைக் கையால் நெஞ்சோடு அழுத்திக்கொண்டு, வலக்கையால் அந்த ஒரு பக்கத்தை மட்டும் கிழித்தார். சுருட்டி என் சட்டைப் பையில் திணித்தார்.

"ஊரு பூரா இதத்தான பாக்கும்? என்னமோ வீரரு கீரருன்ன. போ."

அன்று ராத்திரி அடுப்படிப் பக்கம் வரவில்லை. சாப்பிடவும் இல்லை.

ஞாயிறு காலை நானாவைக் கெஞ்சிக் கடையைத் திறக்கவைத்தேன். நான் முதலில் வரைந்த ஏழாம் பக்கத்தை, குமிழிகள் காலியாக இருந்தபடியே, ஸ்டிக்கராக அடித்தேன். "வாப்பாட கை எண்டபடியா விடுறேன், இல்லாட்டி ஸ்டிக்கர் ரோலுக்கு ஒன்ட தோலத்தான் உரிப்பேன்" என்றார் நானா. வெட்டவும் அவரே உதவினார்.

மண்டபத்தில் விற்காத பிரதிகள் மேசை மேல் கட்டுக்கட்டாகக் கிடந்தன. கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொன்றாக ஏழாம் பக்கத்தைத் திறந்து ஒட்ட ஆரம்பித்தேன். எடிட்டர் ஓடி வந்தான்.

"என்ன செய்யிறீர்?"

"ஸ்டிக்கர் ஒட்டுறேன் தொரை. அதான என் வேல?"

"இந்த ஒரு பக்கம் மட்டும் மற்றப் பக்கத்தால வாசிக்கோணுமே! சனம் தடுமாறும்!"

"தடுமாறட்டும்."

"குமிழிக்குள்ள ஒண்டும் இல்லை!"

"சாப்புடுறப்ப அவரு பேசமாட்டாருங்க."

பொலிஸுக்குச் சொல்லுவேன் என்றான். சொல்லுங்க, கதவுல ஒங்க பேரு திரும்பியிருக்கு, எந்த மண்டபம்னு அவங்க கண்டுபிடிச்சு வரதுக்குள்ள நான் முடிச்சிருவேன் என்றேன். நேற்றுப் படம் பிடித்த பூனைக்காதுக்காரி ஒரு பிரதியை எடுத்துப் பார்த்தாள். பிறகு அவளும் ஒரு கதிரையை இழுத்துப்போட்டு ஸ்டிக்கர் உரிக்க உட்கார்ந்தாள். எடிட்டருக்கு அதுதான் தாங்கவில்லை.

முந்தின நாளே விற்றுப்போன பிரதிகளில் அப்பா இன்னும் இடக்கையால்தான் தின்றுகொண்டிருக்கிறார். அவற்றை என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அதற்காக அந்த எடிட்டரை நான் மன்னிக்கப்போவதும் இல்லை.

ஒட்டிய பிரதி ஒன்றை வீட்டுக்குக் கொண்டுபோனேன். அப்பா தட்டு முன்னால் இருந்தார். ஏழாம் பக்கத்தைத் திறந்து தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். குனிந்து பார்த்தார். சோற்றைப் பிசைந்தார். உருண்டை வாய்க்குப் போகும் வழியில் நின்றது.

"மூக்கு இவ்வளவு பெருசா எனக்கு?" என்றார். தின்றார்.