அப்பாவுக்கு மறதி என்று சொன்னேன்

சிங்கப்பூர் தேக்காவில் என் வேனை நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்தியதற்கு அபராதக் கடிதம், ஆங் மோ கியோவில் என் பதிவு முகவரியாக இருக்கும் அப்பா வீட்டுக்குப் போனது. "டேய், லெட்டர் வந்திருக்குடா, வந்து எடுத்துக்கோ" என்று மூன்று முறை போன் செய்தார். சோம்பேறி நான், போகவில்லை. பணம் கட்டும் கெடு தாண்டியது, விசாரணைக்குக் கூப்பிட்டார்கள்.

சாட்சிக்கு அப்பாவையும் கூட்டிப்போனேன். எனக்குப் படிப்புதான் ஏறாது, பொய் நன்றாக வரும்.

"லெட்டர் என் கைக்கே வரல மேடம். அப்பாவுக்கு மறதி லா."

அதிகாரி அப்பாவைப் பார்த்தார். அப்பா என்னைப் பார்த்தார்.

"ஆமாம்மா. எங்கயோ வச்சிட்டு மறந்துட்டேன்."

கெடு தாண்டியதற்கான அபராதம் ரத்தானது. வெளியே வந்து, "பசிக்குதாடா?" என்று மட்டும் கேட்டார்.

இப்போது அவருக்கு நிஜமாகவே மறதி. நேற்று என்னிடமே, "தம்பி, நீங்க யாரு?" என்றார். வயதானால் வருவதுதான் என்கிறார் டாக்டர். நான் சொன்னதால் வந்தது என்றே என் மரமண்டை நம்புகிறது.