குறுக்கே நின்ற கைப்பிடி

ஜேபஸ் தர்லோவைப் பற்றி எங்கள் ஹாக்ஸ்பரியில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். "யாரு, உலைக்காரரா? நல்ல மனுஷன்தான். ஆனா அன்னிக்கு பிக்ஸ்பி அம்மாகிட்ட கையும் களவுமா மாட்டிக்கிட்டாரே!" அந்த பிக்ஸ்பி அம்மா நான்தான். லவைனா பிக்ஸ்பி. இருபத்திரண்டு வருஷமாக ஆராதனைக் கூடத்தின் மணியை அடிப்பவள், தரையைப் பெருக்குபவள், நிலவறைச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு திரிபவள். போன மாதம் அவரைப் புதைத்தோம். அவர் கதையை நான் எழுதாவிட்டால் ஊர் எழுதிவிடும், ஊர் எழுதினால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

எனக்குச் சந்தேகம் கூடவே பிறந்தது. முட்டைக்காரி பன்னிரண்டு முட்டை என்றால் எண்ணிப் பார்ப்பேன். போதகர் சிரித்தால் என்ன வேலை சொல்லப் போகிறார் என்று பார்ப்பேன். தர்லோ இந்த ஊருக்கு வந்த அன்றே எனக்கு அவரைப் பிடிக்கவில்லை. குறைவாகப் பேசுபவர்களை நான் நம்புவதில்லை.

தகரக் கொல்லர் அவர். லாந்தர், பால் பாத்திரம், புனல் எல்லாம் செய்வார். ஆனால் அதிகம் விற்றது கால்சூட்டுப் பெட்டிதான். உள்ளே தணல் வைத்த அந்தத் தகரப் பெட்டியைப் பாவாடைக்கு அடியில் வைத்துக்கொண்டுதான் எங்கள் ஊர்ப் பெண்கள் இரண்டு மணி நேரப் பிரசங்கத்தைத் தாங்குவார்கள். கூடத்தில் அடுப்பு கிடையாது. ஞானஸ்நானத் தொட்டியில் பனிக்கட்டி உடைத்த வருஷங்கள் உண்டு. அவருடைய மனைவி கெசியா இங்கு வந்த இரண்டாவது குளிர்காலத்தில் அந்தக் கூடத்தில் இருமத் தொடங்கினாள், மார்ச் மாதம் போய்விட்டாள். பிள்ளைகள் இல்லை.

அடுத்த இலையுதிர் காலத்தில், 1853இல், அவர் சபைக் கூட்டத்தில் எழுந்து நின்றார். நிலவறையில் ஓர் இரும்பு உலை வைத்து, அதைச் சுற்றிச் செங்கல் அறை கட்டி, அந்த அறையில் சூடாகும் காற்றைத் தகரக் குழாய்கள் வழியாக மேலே விடலாம் என்றார். தரையில் இரும்புச் சல்லடை போட்டால் போதும், அதன் வழியே சூடு வரும் என்றார்.

"உங்க கால்பெட்டியை அப்புறம் யாரு வாங்குவா?" என்று டீக்கன் வாட்லி கேட்டார். சபையில் டீக்கன் சொல்வதுதான் சட்டம்.

"யாரும் வாங்க மாட்டாங்க" என்றார் தர்லோ.

ஊருக்கே மூக்கு வியர்த்துவிட்டது. தன் பிழைப்பில் தானே மண் அள்ளிப் போட்டுக்கொள்பவன் எவனாவது உண்டா? இதில் வேறு ஏதோ இருக்கிறது என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். ரயிலடியில் நிலக்கரி விற்பவனோடு கூட்டு என்று முதலில் சொன்னது யார் என்று கேட்காதீர்கள். நான்தான்.

ஆனாலும் குளிர் குளிர்தானே. உலை வைக்கச் சம்மதித்தார்கள். வாட்லி தன் பெஞ்சுக்குப் பக்கத்திலேயே பெரிய சல்லடை வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கிக்கொண்டார். ஊரின் புதிய பள்ளிக்கூடத்துக்கும் உலை வேண்டியிருந்தது. கூடத்து உலை ஒரு குளிர்காலம் ஒழுங்காக எரிந்தால் அந்த வேலையும் தர்லோவுக்கே என்று பேச்சு. அவருக்கு அது பெரிய விஷயம். ஒரு நாள் அந்தக் கட்டடத்தின் சுவரைத் தடவிப் பார்த்துக்கொண்டு தனியாக நின்றதைப் பார்த்தேன்.

என்னை நிலவறைக்குக் கூட்டிப்போய் எல்லாம் காட்டினார். கையில் எப்போதும் ஒரு கோழி இறகு வைத்திருப்பார், காற்று எந்தப் பக்கம் இழுக்கிறது என்று அதைத் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். புகைக்குழாயின் நடுவே ஒரு வட்டத் தகடு, வெளியே அதற்கு ஒரு கைப்பிடி. கைப்பிடி குழாயோடு நேராக இருந்தால் வழி திறந்திருக்கிறது, குறுக்கே நின்றால் மூடியிருக்கிறது.

"ஞாயித்துக்கிழமை விடியக்காலம் வந்து சாம்பலை உலுக்கி, ரெண்டு மண்வெட்டி கரி போடுங்க. இந்தக் கைப்பிடியை மட்டும் தொடாதீங்க" என்றார்.

"ஏன்?"

"தொட வேண்டாம். அவ்வளவுதான்."

தொடாதே என்று சொன்னால் எனக்குக் கை சும்மா இருக்குமா? அதோடு ஞாயிற்றுக்கிழமை கரி வாருவதாம்! எங்கள் வீட்டில் ஓய்வுநாள் சனிக்கிழமை சூரியன் சாயும்போதே தொடங்கிவிடும். அதற்குப் பிறகு விறகு பிளப்பதில்லை, ஊசி எடுப்பதில்லை. ஞாயிறு சாப்பாட்டுக்குப் பீன்ஸ் பானையைச் சனிக்கிழமையே சுவர் அடுப்பில் வைத்துக் கதவை இறுக மூடிவிடுவோம். மறுநாள் மத்தியானம் திறந்தால் ஆவி பறக்கும். இவர் மட்டும் ஞாயிற்றுக்கிழமை என்னை ஓய்வுநாளை மீற வைக்கிறார், கரியையும் கூடுதலாக எரிக்கச் சொல்கிறார். கரிக்காரனோடு கூட்டு என்பது சரிதான் என்று முடிவு செய்துவிட்டேன்.

ஆகவே சனிக்கிழமை பொழுது சாயும் முன் உலை நிறையக் கரியைக் கொட்டி, பீன்ஸ் அடுப்பை மூடுவது போலக் கைப்பிடியைக் குறுக்கே திருப்பிவிட்டு வீட்டுக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதைத் தொடவில்லை. கூடம் இதமாகத்தான் இருந்தது. எனக்கு உள்ளூரப் பெருமை. திங்கட்கிழமை கைப்பிடியை நேராக்கினேன், பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் இப்படியே செய்தேன்.

இரண்டாவது ஞாயிறு, பாடகர் வரிசையில் இரண்டு பேருக்குத் தலைவலி. மூன்றாவது ஞாயிறு, முன்வரிசைக் குழந்தைகள் வாந்தி எடுத்தார்கள். பாதிச் சபை தூங்கி விழுந்தது. "நம்ம போதகர் பிரசங்கத்துக்குத் தூங்கறது என்ன புதுசா?" என்று சிலர் சிரித்தார்கள். நான்காவது ஞாயிறு வாட்லியின் மனைவி ஹல்டா பெஞ்சிலிருந்து சரிந்து தரையில் விழுந்தாள். உதடு நீலமாக இருந்தது. வெளியே பனியில் கொண்டுபோய்ப் போட்ட பிறகுதான் கண் விழித்தாள். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

ஊர் வாயில் விழுந்தார் தர்லோ. பழைய இரும்பை உருக்கிச் செய்த உலையை வாங்கியிருக்கிறார் என்றார்கள். சிவக்கக் காய்ந்த இரும்பு காற்றிலுள்ள உயிரை எரித்துவிடுகிறது என்றார்கள். பெண்டாட்டி போன கோபத்தைச் சபை மேல் தீர்த்துக்கொள்கிறார் என்றுகூட ஒருத்தி சொன்னாள். அதைக் கேட்டு எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது, ஆனால் மறுத்துப் பேசவில்லை.

அவர் வியாழக்கிழமை ஜெபக் கூட்டத்துக்கு வந்து இறகைப் பிடித்துப் பார்த்தார். ஒவ்வொரு மூட்டின் மேலும் மெழுகுவர்த்தியைக் காட்டினார். ஒரு குறையும் தெரியவில்லை. தெரியாதுதான். வாரநாட்களில் நான் கைப்பிடியைத் திருப்புவதில்லையே.

"ஞாயித்துக்கிழமை மட்டும் எப்படி?" என்று தனக்குள்ளேயே கேட்டுக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்தார். "நிலவறைக்கு வேற யாராவது வர்றாங்களா?"

"ரெண்டு சாவி இருக்கு. ஒண்ணு என்கிட்ட, ஒண்ணு உங்ககிட்ட. என்கிட்ட இருக்கிறதைப் பத்தி எனக்குத் தெரியும்" என்றேன்.

இப்போது அதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. அப்போது நான் மனசார அவரைத்தான் சந்தேகித்தேன். மூடியதால் கெடுதல் வரும் என்று என் கனவிலும் தோன்றவில்லை.

ஐந்தாவது ஞாயிறு பிரசங்கத்தின் நடுவே தர்லோ எழுந்து வெளியே போனார். எங்கள் ஊரில் பிரசங்கத்தின் நடுவே ஒருவர் எழுந்து போனால், ஒன்று மூக்கில் ரத்தம் வர வேண்டும், இல்லையென்றால் வீடு பற்றி எரிய வேண்டும். நான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். ஐம்பது எண்ணிவிட்டுப் பின்னாலேயே போனேன். நிலவறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே அவர் உலை முன்னால் நின்று, கைப்பிடி மேல் கை வைத்திருந்தார்.

"பிடிச்சிட்டேன்! கையும் களவுமா பிடிச்சிட்டேன் உங்களை!" என்று கத்தினேன்.

மேலே பிரசங்கம் நின்றது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தத் தகரக் குழாய்கள் சூட்டை மட்டும் கொண்டுபோவதில்லை. நிலவறையில் பெருக்கும்போது பாடகர் வரிசையின் வம்புப் பேச்சு முழுக்க எனக்குக் கேட்கும். நான் கத்தியது ஒவ்வொரு சல்லடை வழியாகவும் சபைக்குள் போயிருக்கிறது.

தர்லோ மேலே குழாய்களைப் பார்த்தார். உதட்டில் விரலை வைத்தார். பிறகு என் பக்கத்தில் வந்து, காதோடு பேசினார்.

"கைப்பிடி குறுக்க இருக்கு, பிக்ஸ்பி அம்மா. நீங்க திருப்பினீங்களா?"

"ஆமா. சூடு தங்கட்டும்னு. பீன்ஸ் அடுப்பை மூடற மாதிரி."

"பீன்ஸ் அடுப்புல தணலை வெளிய வாரிட்டுத்தானே மூடுவீங்க? இங்க கரி உள்ளேயே எரியுது. அதோட விஷக்காத்து போக வழியில்லாம மூட்டு இடுக்கு வழியா இந்தச் செங்கல் அறைக்குள்ள கசியுது. இங்கிருந்து மேல போகுது."

"நீங்க என் மேல பழி போடறீங்க" என்றேன். நானும் கிசுகிசுத்துத்தான் சொன்னேன்.

அவர் கொஞ்சம் உரக்கப் பேசியிருந்தால் போதும். 'நீங்களா திருப்பினீங்க?' என்று அந்த ஒரு கேள்வியைக் குரலை உயர்த்திக் கேட்டிருந்தால் மொத்தச் சபைக்கும் கேட்டிருக்கும். அவர் பெயர் அந்த நிமிஷமே துலங்கியிருக்கும், பள்ளிக்கூட வேலையும் கையில் வந்திருக்கும். நான் மறுநாள் சாவியைக் கொடுத்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் அவர் சத்தமில்லாமல் கைப்பிடியை நேராகத் திருப்பினார். படியேறி, பனி ஒட்டிய பூட்ஸோடு கூடத்தின் நடுவில் போய் நின்றார்.

"தப்பு என் உலையிலதான். பத்து நாள்ல சரி பண்ணிடறேன்" என்றார்.

"பிக்ஸ்பி அம்மா என்னமோ பிடிச்சதாச் சத்தம் கேட்டுச்சே?" என்றார் வாட்லி.

எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் வாசலிலேயே நின்றேன். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

பத்து நாள் கழித்துப் புதிய தகட்டோடு வந்தார். அதன் நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஓட்டை வெட்டியிருந்தார். மூட்டுகள் கசியாதபடி சுற்றிப் பள்ளம் வைத்து மணல் நிரப்பினார். காற்று வறண்டுபோகாமல் இருக்கச் செங்கல் அறைக்குள் ஒரு தண்ணீர்த் தொட்டியும் வைத்தார். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. நானும் வீம்புக்கு அந்தச் சனிக்கிழமை கைப்பிடியைக் குறுக்கே திருப்பிவிட்டுப் போனேன். ஞாயிற்றுக்கிழமை ஒருவருக்கும் தலை வலிக்கவில்லை. ஹல்டா மூன்று பாட்டும் முழுக் குரலில் பாடினாள். மூடினாலும் அந்த ஓட்டை வழியே விஷக்காற்று போய்விடுகிறது என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது. அவளைக் கொல்லப் பார்த்தவள் நான்.

பள்ளிக்கூட வேலை பாஸ்டனிலிருந்து வந்த ஒருவனுக்குப் போனது. தர்லோ வெளியூர்களுக்குப் போய் உலை வைத்தார், ஓட்டைத் தகடும் மணல் மூட்டுமாக. ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஏழு கோயில்களில் அவருடைய உலை எரிகிறது. ஹாக்ஸ்பரியில் அதற்குப் பிறகு ஒருவரும் அவரைக் கூப்பிடவில்லை.

நானா? உண்மையைச் சொல்லாமல் இருந்ததோடு நிற்கவில்லை, அவர் ஏன் சொல்லாமல் இருக்கிறார் என்று சந்தேகப்பட ஆரம்பித்தேன். என்னிடம் என்ன எதிர்பார்க்கிறார்? ஒரு நாள் கேட்பார் என்று காத்திருந்தேன். தொப்பியைத் தொட்டு வணக்கம் சொன்னால், இதோ வருகிறது என்று நினைப்பேன். ஒரு தடவை வீட்டு வாசலில் நின்றார். கலியாணம் கேட்கப் போகிறார் என்றே நினைத்துவிட்டேன். என் கூரை வடிகால் தொங்குகிறது, பற்றவைத்துத் தரட்டுமா என்றார். பதினொரு வருஷம் இப்படியே போயிற்று. கடைசியில் பொறுக்க முடியாமல் அவருடைய பட்டறைக்கே போய்க் கேட்டேன்.

"அன்னிக்கு ஏன் என்னைக் காட்டிக் கொடுக்கலை? உள்ளதைச் சொல்லுங்க."

அவர் தகரத்தை வெட்டிக்கொண்டே சொன்னார். "சொன்னா உங்களை மாத்திட்டு வேற ஆளை வெச்சிருப்பாங்க. அந்த ஆளும் ஒரு சனிக்கிழமை மூடியிருப்பான். மூட முடியற மாதிரி செஞ்சது நான்தானே? தொடாதீங்கன்னு சொன்னேன், ஏன்னு சொல்லலை. அதுவும் நான்தான்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

எனக்கு ஏமாற்றமாக இருந்தது என்று சொன்னால் நம்புவீர்களா? என் மேல் இரக்கம் என்றாவது சொல்லியிருக்கலாம். வீட்டுக்கு வந்து அழுதேன்.

போன மாதம் அவரைப் பெட்டியில் வைத்து, அவருடைய உலையின் சூட்டிலேயே அடக்க ஆராதனை நடந்தது. கிழவராகிவிட்ட வாட்லி எழுந்து ஜெபம் செய்தார். "எங்கள் சகோதரன் ஒரு காலத்தில் தவறினான், நாங்கள் அவனை மன்னித்தோம்" என்றார். என்னால் உட்கார முடியவில்லை. பெண்கள் பேசாத இடம் அது. எழுந்து நின்றேன்.

"அவர் தவறலை. நான்தான் புகைவழியை மூடினேன். அஞ்சு ஞாயித்துக்கிழமை. ஹல்டா விழுந்தது என்னால. அவருக்குத் தெரியும், சொல்லலை" என்றேன். ஒரு சொல்லும் விடாமல், குரல் உடையாமல் சொன்னேன்.

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பின்வரிசையில் யாரோ மெல்லச் சிரித்தார்கள்.

வெளியே வந்ததும் ஹல்டா என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். அவள் கண்ணில் தண்ணீர்.

"பாவம் லவைனா. அவர் மேல உனக்கு இவ்வளவு பிரியம் இருந்துச்சுன்னு எங்களுக்குத் தெரியாமப் போச்சே. செத்தவர் பேரைக் காப்பாத்தணும்னு உன் தலையில போட்டுக்கறே பாரு."

"நான் சொன்னது நிஜம், ஹல்டா."

"போடி. அன்னிக்கு நீ பிடிச்சிட்டேன்னு கத்தினதை என் காதால கேட்டவ நான். அவரோ மேல வந்து தன் வாயாலயே ஒத்துக்கிட்டார்."

அதற்குப் பிறகு நாலைந்து பேரிடம் சொல்லிப் பார்த்துவிட்டேன். எல்லோரும் என் கையைத் தட்டிக் கொடுக்கிறார்கள். அவர் என் காதோடு சொன்னது ஒருவருக்கும் கேட்கவில்லை. நான் கத்தியது மட்டும் பதினெட்டு வருஷமாக எல்லோர் காதிலும் இருக்கிறது.