பைப்புக்குள் அடித்த பெயிண்ட்

பிளாஸ்டிக் பைப்பை அறுத்து, மேலே தாள்போல் சீவிய தேக்கு மரமான வெனீரை ஒட்டி, வட்டப் பெட்டிகள் செய்து செஞ்சி பஸ் ஸ்டாண்ட் அருகே விற்கிறேன். முழுத் தேக்கு என்று வாங்குபவர் நம்பட்டும் என, பைப் தெரியாமலிருக்க முன்பெல்லாம் உள்ளே காப்பிக்கலர் பெயிண்ட் அடித்துவிடுவேன்.

அன்று இடுப்புவலியோடு உட்கார்ந்திருந்தேன். ஜபமாலை வைக்க என்னிடம் பெட்டி வாங்கிய தொண்டூர் ஜைன அம்மா திரும்பி வந்தார். வெனீர் உரிந்து வெள்ளைப் பைப் பல்லிளித்தது. சமாளிக்கக்கூட எனக்குத் தெம்பில்லை.

“பைப்புதாம்மா. திட்டிட்டுப் போங்க” என்றேன்.

“இன்னாத்துக்குத் திட்டணும்? மரம்னா கரையான் வரும், மருந்தடிச்சுக் கொல்லணும். எங்களுக்கு அது ஆவாது. பைப்புன்னா நிம்மதியா இருக்குது. மேல மட்டும் ஒட்டிக் குடுங்க.”

ஒட்டிக் கொடுத்தேன். அதன்பின் உள்ளே பெயிண்ட் அடிப்பதில்லை. இடுப்புவலி அப்படியேதான் இருக்கிறது. யாராவது மூடியைத் திறந்து பார்த்தால் மட்டும், இப்போது முகத்தைத் திருப்பிக்கொள்வதில்லை.