வடக்குச் சுவருக்குப் பூச்சு

மாமாவுக்குக் கண் தெரியவில்லை என்பதை நான் ரயிலில்தான் கண்டுபிடித்தேன். ஒரு வெள்ளிக்கிழமை ஆபீசில் பாதி நாள் லீவு போட்டுவிட்டுத் தாம்பரத்தில் செங்கல்பட்டு வண்டி ஏறினேன். பல்லாவரம் சந்தையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த என் மாமனார் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். மடியில் துணிப்பை, அதற்குள் ஒரு செம்பருத்திக் கன்று. எதிரில் போய் உட்கார்ந்து சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. காலையில் காபி விஷயத்தில் நான் எதிர்த்துப் பேசியதற்குக் கோபம் போலிருக்கிறது என்று நானும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். எனக்கு ரோஷம் கொஞ்சம் அதிகம்.

வண்டலூர் தாண்டியதும் அவர் ஜன்னல் கம்பியோடு முகத்தை ஒட்டிக்கொண்டார். ஊரப்பாக்கம் வருவதற்குச் சற்று முன் எங்கள் வீட்டின் வடக்குச் சுவர் தெரியும். பூச்சு இல்லாத வெறும் செங்கல். அது கண்ணில் பட்டதும் அவர் எழுந்து, "கொஞ்சம் வழி விடும்மா" என்றார். யாரோ ஒரு பெண்ணிடம் சொல்வதுபோல என்னிடம் சொன்னார்.

பிளாட்பாரத்தில் இறங்கி, "மாமா, நான்தான்" என்றேன். அவர் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து சொன்னார்.

"நேரா பாத்தா நடுவுல ஒரே கருப்பும்மா. ஓரத்துலதான் தெரியுது. இனிமே சரியாகாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். போர்டு படிக்க முடியல. வண்டி சிக்னல்ல நின்னு நின்னு வந்தா ஸ்டேஷன் கணக்கும் தப்பிடுது. நம்ம சுவரோட செவப்பு மட்டும் பளிச்சுனு தெரியும். அதப் பாத்துதான் எழுந்துப்பேன். அவன்கிட்ட சொல்லிடாத. வெளிய விடமாட்டான்."

அவன் என்றால் என் கணவர். அவர் விடமாட்டார்தான். ரிட்டயர் ஆனதிலிருந்து மாமா தனியாகப் போய்வரும் ஒரே இடம் அந்தச் சந்தை. அதுவும் போனால் அவருக்கு வாரத்தில் என்ன இருக்கிறது? சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

எங்கள் பக்கத்தில் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் இப்படி வீடுகளைப் பார்க்கலாம். முகப்பில் டைல்ஸ் பளபளக்கும், பக்கச் சுவர் செங்கல்லாகவே நிற்கும். பக்கத்து மனை காலிதானே, அப்புறம் பூசிக்கலாம் என்று விடுவார்கள். அந்த அப்புறம் வரவே வராது. மாமாவும் அப்படித்தான் விட்டுவைத்தார். அடைமழை நேராக அந்தச் சுவரில்தான் அறையும். உள்ளே அவரும் அத்தையும் படுக்கும் அறையில் பூஞ்சை பூத்து, அத்தைக்கு வீசிங் வந்தது. கார்த்திகை மாதம் முழுக்க அத்தை தலையணையைச் சுவரில் சாய்த்து உட்கார்ந்தபடியேதான் தூங்கினார்.

இந்த வருடம் பக்கத்து மனையை வாங்கியவர் வந்தார். நல்ல மனிதர்.

"சார், தை மாசம் பூமி பூஜை போடறோம். எங்க சுவர் எழுந்துட்டா உங்க ஆளுங்க சாரம் கட்ட இடமே இருக்காது. பூசறதுன்னா இப்பவே பூசிடுங்க. எங்க மனையில கம்பு நட்டுக்கங்க."

வீடு மாமாவின் பேரில் இருக்கிறது. எதுவானாலும் அவரைக் கேட்டுத்தான் செய்வோம். என் கணவர் கேட்டார். மாமா வடக்குச் சுவர்ப் பக்கம் திரும்பினார். உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். வாக்குக் கொடுத்திருக்கிறேனே என்று விழுங்கினேன். உள்ளே அத்தை இருமுகிற சத்தம் கேட்டது.

"பூசிடுடா. அவளுக்கு மூச்சு முட்டுது" என்றார் மாமா.

பிறகு துணி உலர்த்துகிற சாக்கில் மாடியில் அவரைப் பிடித்தேன். "பூசினா என்ன மாமா, மேல செவப்பு பெயிண்ட் அடிச்சிடலாம்."

"எத்தன நாளைக்கும்மா? அவங்க வீடு எழுந்துட்டா செவப்பு எங்க தெரியப் போவுது?" என்றார்.

பூச வந்த மேஸ்திரி சுவரைத் தட்டிப் பார்த்து, "இன்னா சார், இத்தினி வருசமா இப்டியே வுட்டு வச்சிகினு கீறீங்க? கல்லு பூரா தண்ணி குடிச்சி கீது" என்று அலுத்துக்கொண்டார். சவுக்குக் கம்புகள் நட்டுச் சாரம் கட்டினார்கள். மேலிருந்து கீழாகப் பூசிக்கொண்டே வந்தார்கள். மாமா காலி மனையில் நாற்காலி போட்டு, கலவை கரண்டியிலிருந்து சுவரில் அறைகிற சத்தத்தைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தார். மேலே சாம்பல் நிறம் இறங்க இறங்க, கீழே சிவப்பு குறைந்துகொண்டே வந்தது. எனக்கு அந்த மேஸ்திரி மீது காரணமில்லாமல் எரிச்சல் வந்தது. பாவம், அவர் என்ன செய்வார்.

சாரம் பிரித்ததற்கு அடுத்த வெள்ளிக்கிழமையும் மாமா பையை எடுத்தார். வேண்டாம் மாமா என்று கண்ணால் கெஞ்சினேன். கண்ணால் கெஞ்சி என்ன பிரயோஜனம் என்பது அப்புறம்தான் உறைத்தது. நான் லீவு சொல்லிவிட்டு, அவர் திரும்புகிற நேரத்துக்கு ஸ்டேஷனில் போய் நின்றேன்.

வண்டி வந்தது. ஜன்னலோரம் அவர் இருந்தார். பையை நெஞ்சோடு அணைத்து, எழுந்திருக்கத் தயாராக, வெளியே பார்த்தபடி இருந்தார். சுவரைத் தேடிக்கொண்டிருந்தார். "மாமா! மாமா!" என்று கத்திக்கொண்டே ஓடினேன். கூட்ட இரைச்சலில் அவருக்குக் கேட்கவில்லை. வண்டி அவரையும் கொண்டு போய்விட்டது. பிளாட்பாரத்தில் நின்று வெட்கமில்லாமல் அழுதேன்.

போன் செய்தபோது சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் இருந்தார். யாரோ ஒரு பையன் இறக்கிவிட்டானாம். "எதிர் வண்டியில ஏத்திவிடறேன்னு சொல்றான். நீ வராத, வீட்டுக்குப் போ" என்றார். நான் போகாமல் அங்கேயே காத்திருந்து, அவர் வந்து இறங்கியதும் வீடு வரை பத்தடி பின்னால் நடந்து வந்தேன்.

உள்ளே நுழைந்ததும், "சிங்கப்பெருமாளைச் சேவிச்சுட்டு வந்தேன். அதான் லேட்டு" என்றார் மாமா.

அத்தை அவருடைய வெறும் நெற்றியைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். கோவில் நடை சாத்தியிருக்கும் உச்சிவேளை அது. "கை கால் அலம்பிட்டு வாங்க, சாப்பிடலாம்" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை அத்தை நல்ல புடவை கட்டிக்கொண்டு வாசலில் நின்றார். சந்தைக் கூட்டத்தையே பிடிக்காதவர்.

"நானும் வரேன்."

மாமா என் பக்கம் திரும்பினார். "நீ சொன்னியா?"

"அவ ஒண்ணும் சொல்லல" என்றார் அத்தை. "ரெண்டு வருஷமா என்கிட்ட பேசறப்ப என் காதுத் தோட்டைத்தான் பாக்கறீங்க. முகத்தப் பாக்கறதில்ல. எனக்குத் தெரியாதா?"

மாமா, தெரிகிற ஓரத்தில் அத்தையின் முகம் படுவதற்காகத் தலையைக் கொஞ்சம் சாய்த்து, "மூச்சு வாங்கப் போவுது, மெதுவா நட" என்று சொல்லிப் பையை அத்தையிடம் கொடுத்தார்.