சந்தனக் கிண்ணத்தில் வைத்த உப்பு

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு இருந்தவர்கள் அப்பா, அம்மா, தங்கச்சி, நான், அம்மாவின் மூத்த அண்ணனான பெரியமாமா, பிறகு அப்பாவோடு றெஸ்ரோறன்ரில் கோப்பை கழுவிய சித்தப்பா. வராதவர் பெரியமாமாவின் பெண்சாதி, மாமி. முழங்கால் வலி என்று காலையில் ரெலிபோனில் சொன்னா. அதைச் சொல்வதற்கு முன், வேறு யார் வருகினம் என்று அம்மாவிடம் கேட்டிருந்தா. இரண்டுக்கும் தொடர்பு இருக்கலாம் என்று பன்னிரண்டு வயதில் எனக்குத் தோன்றவில்லை.

சித்தப்பா எங்களுக்குச் சொந்தமில்லை. வன்னியில் சண்டை எல்லாம் முடிந்தபிறகு தனியாக வந்து சேர்ந்தவர். உடைந்த கண்ணாடி வெட்டி அப்பாவின் கையில் தையல் போட்டிருந்தபோது, அப்பாவின் பங்கையும் சேர்த்துக் கழுவி, முதலாளிக்குக் குறை தெரியாமல் பார்த்துக்கொண்டவர். "இவரைச் சித்தப்பா எண்டு கூப்பிடு" என்று அப்பாதான் சொல்லித் தந்தார்.

விருந்து பெரியமாமாவின் கையெழுத்துக்காக. தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் ஒற்றை அறையில் நாங்கள் நாலு பேர் இருந்தோம். நகரத்துக்கு வெளியே பொபினியில் இரண்டு அறையோடு ஒரு வீடு சரிவந்திருந்தது. ஆனால் வீட்டுக்காரன் பிணை நிற்க ஆள் கேட்டான். அப்பாவின் சம்பளத் துண்டு அவனுக்குக் காணாது. பெரியமாமாவுக்கு ஸ்டேஷனடியில் சொந்தக் கடை இருந்தது. "ஞாயிறு சாப்பிட வாறன், அப்பிடியே வைச்சு விடுறன்" என்றிருந்தார். பத்திரங்களைப் பிள்ளையார் படத்தடியில் பேனையோடு வைத்திருந்தார்கள்.

"அண்ணை வாற அண்டைக்கோ அவரையும் கூப்பிட்டனீங்கள்?" என்று அம்மா குசினிக்குள் மெல்லக் கேட்டா.

"அவனுக்கும் ஞாயிறுதானே லீவு" என்றார் அப்பா.

அந்த வாரம்தான் ஆங்கில ரீச்சர் நானூறு வருடத்துக்கு முந்திய இங்கிலாந்துக்காரரின் சாப்பாட்டு மேசையைப் படிப்பித்திருந்தா. பெரிய மனிதர்களும் விரலால்தான் சாப்பிட்டார்கள் என்று அவ சொன்னபோது வகுப்பு முகம் சுளித்தது. நான் நிமிர்ந்து இருந்தேன். இத்தாலியிலிருந்து வந்த முள்ளுக்கரண்டியைப் பிடித்தவனை, இவர் பெரிய இத்தாலிக்காரர் என்று நையாண்டி பண்ணுவார்களாம். சாப்பிட முன் கைக்குத் தண்ணீர் வார்ப்பார்களாம். சாப்பிடுகிறவரின் தோளில் ஒரு துவாய். எல்லாம் எங்கள் வீட்டுக் கதை போலவே இருந்தது. இன்னொன்றும் சொன்னா. மேசையில் வெள்ளியால் செய்த உப்புப் பாத்திரம் ஒன்று இருக்கும். மதிப்பானவர்களை அதற்கு மேலே, வீட்டுத் தலைவரின் பக்கம் இருத்துவார்கள். மற்றவர்கள் உப்புக்குக் கீழே. மேலே வெள்ளைப் பாண், கீழே தவிட்டுப் பாண்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை ஒழுங்காகப் படித்து முடிக்கப் போகிற முதல் ஆள் நான் என்று எல்லோரும் நம்பியிருந்தார்கள். அதனால் பள்ளிக்கூடத்தில் சொன்னது என்றால் வீட்டில் மறுபேச்சில்லை. "மேசையை நான் போடுறன்" என்றேன். விட்டுவிட்டார்கள்.

அதுவரை எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் கட்டில் விளிம்பிலும் நிலத்திலும் இருந்து சாப்பாட்டுக் கோப்பையை மடியில் வைத்துத்தான் சாப்பிட்டார்கள். யாருக்கும் மேல்பக்கமும் இல்லை, கீழ்ப்பக்கமும் இல்லை. நான் இரண்டு மடக்கு மேசைகளைச் சேர்த்து வெள்ளைத் துணி விரித்தேன். அம்மாவின் வெள்ளிச் சந்தனக் கிண்ணத்தில் உப்பை நிரப்பி நடுவில் வைத்தேன். பிறகு மட்டைகளில் யார் எங்கே என்று எழுதினேன். வீட்டுக்கு வருகிறவர்கள் முதல், வீட்டாக்கள் பிறகு என்பது அம்மா பழக்கியது. சித்தப்பா முதல்முறையாக வருகிறார். ஆகவே அப்பாவுக்குப் பக்கத்தில், உப்புக்கு மேலே. பெரியமாமா வீட்டாள். அவரை உப்புக்குக் கீழே, எனக்குப் பக்கத்தில் வைத்தேன். எனக்கு அவரில் அவ்வளவு விருப்பம்.

பெரியமாமா நல்ல கலகலப்போடுதான் வந்தார். "என்னடா மருமோன், கலியாண வீடு மாதிரிக் கிடக்கு?" நான் இங்கிலாந்துக்காரர் கதை முழுவதையும் ஒரே மூச்சில் ஒப்புவித்தேன். அவர் மட்டைகளை ஒவ்வொன்றாக வாசித்தார்.

"அப்ப நான் உப்புக்குக் கீழை" என்று சிரித்தார். "சித்தப்பா எண்டிறது இவரோ? தம்பி வன்னியிலை எந்தப் பக்கம்?"

முதலே வந்து அப்பாவுக்குப் பக்கத்தில் இருந்த சித்தப்பா ஊர்ப் பெயர் சொன்னார்.

"அது பிறகு போய் இருந்த இடம். தாய் தேப்பன் எந்த ஊர்?"

அதையும் சொன்னார்.

"அட, எனக்குத் தெரிஞ்ச இடம். அங்கை கோயிலடியோ?"

சித்தப்பா கையை மேசையிலிருந்து எடுத்து மடியில் வைத்தார். "கோயிலடி இல்லை, ஐயா."

ஊர்ப் பெயர் சொன்னபோதுகூட அண்ணை என்றுதான் அவரைக் கூப்பிட்டிருந்தார். திடீரென்று ஐயா என்றது, நான் மேசை போட்ட வடிவால் வந்த மரியாதை என்று நினைத்தேன். பிறகு சித்தப்பா தன் கோப்பையைத் தூக்கிக்கொண்டு எழும்பினார். "நீங்கள் இஞ்சை இருங்கோ. நான் அங்காலை கட்டிலிலை இருக்கிறன்."

"இரும் தம்பி" என்றார் அப்பா. "பிள்ளை வைச்ச இடம்."

"மச்சான், ஆளை எழும்பச் சொல்லி நான் சொல்லேல்லை" என்றார் பெரியமாமா. "அவராத்தான் எழும்பிறார்."

"அவர் எழும்பினா நானும் எழும்ப வேணும்" என்றார் அப்பா.

அம்மா சொதிச் சட்டியோடு குசினி வாசலில் நின்றா. பிள்ளையார் படத்தடியைப் பார்த்தா, அப்பாவைப் பார்த்தா. பெரியமாமா கழற்றி வைத்த கோட்டைத் திரும்பப் போட்டுக்கொண்டு அம்மாவிடம் சொன்னார்: "காலமை தொடக்கம் எனக்கு வயித்துக்குச் சரியில்லை, தங்கச்சி."

நான் நம்பினேன். தேசிக்காய்த் தண்ணி கரைத்துத் தரட்டோ என்று கேட்டுக்கொண்டு படி வரைக்கும் பின்னால் போனேன். அவர் என் தலையைத் தடவினார். "நல்லாப் படி, மருமோன்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

திரும்பி வந்தபோது அப்பா, சித்தப்பாவின் கோப்பையில் தன் கையால் சோறு போட்டுக்கொண்டிருந்தார். சித்தப்பா குனிந்தபடி முழுவதையும் சாப்பிட்டார். தோளில் துவாய் போட ஒருவரும் நினைக்கவில்லை என்பதுதான் அன்றைக்கு எனக்கிருந்த ஒரே மனக்குறை.

பெரியமாமா ஊர் நினைப்பில்தான் ஊர் விசாரித்தார் என்று பல காலம் எண்ணியிருந்தேன். வயிறு சுகமானதும் வந்து கையெழுத்து வைப்பார் என்று ஒவ்வொரு ஞாயிறும் பார்த்திருந்தேன். சாதி என்ற சொல் அந்த மத்தியானம் ஒருவர் வாயிலும் வரவில்லை. அதனால் அது எங்களோடு அந்த அறையில் இருந்தது எனக்குத் தெரியாது.

பிணைக்குக் கடைசியில் ஸ்தேன் என்கிற இன்னொரு புறநகரில் ஓர் ஆள் கிடைத்தார். காசு வாங்கிக்கொண்டு கையெழுத்து வைக்கிறவர். வீடு எடுக்கிற எல்லோரும் இப்படித்தான் கட்டுவார்கள் என்று நினைத்துக்கொண்டு நானும் கூடப் போனேன். அப்பா ஒரு சதம்கூடக் குறைக்கக் கேட்காமல் எண்ணிக் கொடுத்தார்: இரண்டாயிரத்து இருநூறு யூரோ.